விண்டோஸுடன் உபுண்டு நிறுவப் போய் 48 இலக்கத் திறவுகோல் கேட்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா?

அழிக்காதீர்கள். கணினியை அப்படியே அணைத்து வையுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடித்தபின் தொடலாம்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: விண்டோஸ் 11 உள்ள வீட்டு மடிக்கணினியில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டீர்கள், ‘முடிந்தது’ என்று வந்தது. ஆனால் மறுபடி தொடங்கியபோது எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரவில்லை, நேரே விண்டோஸ் வந்தது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் இரண்டு மூன்றை மாற்றிப் பார்த்தீர்கள். இப்போது நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. வீட்டில் யாருக்கும் அப்படி ஓர் எண் தெரியாது.

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதே திரையை நான் பார்த்தேன். மகன் பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு. ஒரு பாடத்துக்கு லினக்ஸ் வேண்டும் என்றான். இன்னொரு கணினி வாங்குவதைவிட இருப்பதிலேயே போட்டுக் கொடுக்கலாம் என்று நான்தான் உட்கார்ந்தேன். எனக்கு அலுவலகத்தில் கணக்கு வேலை. கணினி படித்தவள் இல்லை, வழிமுறை இருந்தால் பார்த்துச் செய்துவிடுவேன். அன்று உபுண்டுவை நிறுவும் நிரல் வட்டையே காட்டவில்லை. எங்கோ படித்ததை வைத்து பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் எழ விடும் காவல்) அணைத்தேன், வட்டு இயங்கும் முறையையும் மாற்றினேன். திரும்பத் தொடங்கினால் 48 இலக்கம்.

மணி இரவு பதினொன்றரை. அந்த வட்டில் என் மாமனாரின் கடைசித் தீபாவளிப் படங்கள் இருந்தன, வேறு எங்கும் பிரதி இல்லை. மகன், “எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுடலாம்மா, பத்து நிமிஷம்” என்றான். எனக்கும் கை போனது. கணவருக்கு விமான நிலையத்தில் இரவு வேலை. போனில் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: “கடைசியா எத மாத்துனியோ அத மட்டும் பழையபடி வை. வேற எதையும் தொடாத.” இரண்டையும் திரும்ப வைத்தேன். விண்டோஸ் எதுவும் கேட்காமல் எழுந்தது.

நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் கோப்புகள் எங்கும் போகவில்லை, பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றன. பூட்டின் பெயர் பிட்லாக்கர், வட்டில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கும் விண்டோஸ் வசதி. புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து விண்டோஸை முதன்முறை அமைக்கும்போதே இது தானாக இயங்கத் தொடங்கிவிடும், நமக்குத் தெரிவதுகூட இல்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் பல கணினிகளில் அப்படித்தான். சாவி கணினிக்குள் டிபிஎம் என்ற சில்லில் இருக்கிறது. கணினி எழும்போது செக்யூர் பூட் எந்த நிலையில் இருக்கிறது, எந்த மென்பொருள் முதலில் எழுப்புகிறது என்பதையெல்லாம் அந்தச் சில்லு அளந்து பார்க்கும். நேற்றைய அளவும் இன்றைய அளவும் ஒத்துப் போனால் சாவியைக் கொடுக்கும். இல்லாவிட்டால், யாரோ வட்டைத் திருடிப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு உங்களிடம் மாற்றுச் சாவியான அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும். அதனால்தான் மாற்றியதைத் திரும்ப வைத்தாலே பெரும்பாலும் கேள்வி நின்றுவிடுகிறது. எதை மாற்றினோம் என்று நினைவில்லாவிட்டால் ‘லோட் டிஃபால்ட்ஸ்’ (எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது) என்பதை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அது வட்டின் முறையையும் சேர்த்து மாற்றிவிடலாம், பிறகு சிக்கல் இரண்டாகிவிடும்.

இப்போது எழுந்தாலும் எழாவிட்டாலும், அந்த எண்ணைக் கைக்குக் கொண்டுவாருங்கள். கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் உங்கள் மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தால் பிட்லாக்கர் திறவுகோல் இருக்கும். நீலத் திரையில் காட்டும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு, சரியானதை எடுங்கள். உங்கள் கணக்கில் இல்லையென்றால் இல்லவே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். பெட்டியைப் பிரித்த அன்று யாருடைய மின்னஞ்சலை வைத்து அமைத்தீர்களோ அவருடைய கணக்கில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அது கணவருடையது. வேலை முடிந்து காலையில் வந்தவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். நான் அதை ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டுகளோடு வைத்திருக்கிறேன். கணினி அலுவலகம் கொடுத்ததாக இருந்தால் சாவியும் அலுவலகத்திடம்தான் இருக்கும். அதிலும், பள்ளி மேலாண்மைச் செயலி போட்டிருக்கும் பிள்ளைகளின் கற்றல் சாதனத்திலும் இந்த வேலையே வேண்டாம்.

விண்டோஸ் எழுந்ததும் முதல் வேலை, படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டுக்கு நகலெடுப்பது. இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம்: பட்டியல் ஏன் வரவில்லை? உபுண்டு நிறுவப்படாததால் அல்ல என்றே நினைக்கிறேன். கணினியை இயக்கியவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி (தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறும்) பூட் வரிசையை (எது முதலில் எழ வேண்டும் என்ற வரிசை) பாருங்கள். அங்கே ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலிலும் ‘உபுண்டு’ அடுத்தும் இருந்தால், உபுண்டுவை மேலே நகர்த்துங்கள். அவ்வளவுதான். இதற்காக மறுபடி நிறுவுபவர்கள்தான் அதிகம். இந்த மாற்றத்துக்கும் 48 இலக்கம் ஒருமுறை கேட்கலாம், கையில்தான் இருக்கிறதே, அடித்துவிட்டுப் போங்கள்.

வரிசையில் உபுண்டுவே இல்லையென்றால், பெரும்பாலும் நிறுவப் பயன்படுத்திய தம்ப் டிரைவைப் பழைய முறையில் எழுப்பி நிறுவியிருக்கிறீர்கள். பயாஸுக்கு இன்று இரண்டு முகங்கள்: யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை, லெகசி என்ற பழைய முறை. விண்டோஸ் ஒன்றிலும் உபுண்டு மற்றொன்றிலும் இருந்தால் ஒன்று மற்றொன்றைப் பட்டியலில் காட்டாது. விண்டோஸ் 11 புதிய முறையில்தான் வரும். பூட் பட்டியலில் தம்ப் டிரைவின் பெயர் இரண்டு தடவை தெரியும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து எழுப்பி, உபுண்டுவுக்கு முன்பு ஒதுக்கிய இடத்தில் மட்டும் மறுபடி நிறுவுங்கள். ‘வட்டு முழுவதையும் அழி’ என்ற தேர்வு அந்தப் பக்கத்திலேயே இருக்கும், விரலை அங்கிருந்து தள்ளி வையுங்கள். எஃப்ஏடி32 வடிவில் நூறு அல்லது சில நூறு எம்பி அளவுள்ள சின்னப் பகுதி ஒன்று தெரியும். இரண்டு இயங்குதளங்களின் எழுப்பும் கோப்புகளும் அங்கேதான் குடியிருக்கின்றன, அதைத் துடைத்தால் விண்டோஸும் எழாது.

எனக்கு வந்த மாதிரி நிறுவும்போது வட்டே தெரியாவிட்டால், பெரும்பாலும் உபுண்டுவின் நிறுவும் நிரலுக்குப் புரியாத இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறையில் வட்டு ஓடுகிறது என்று பொருள். ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். நான் தவறியது மாற்றியதில் இல்லை, விண்டோஸிடம் சொல்லாமல் மாற்றியதில். முதலில் பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். வீட்டுப் பதிப்பு விண்டோஸில் இடைநிறுத்தும் வசதி அமைப்புகளில் இருக்காது, சாதன மறையாக்கத்தையே (அந்தப் பதிப்பில் இந்தப் பூட்டின் பெயர் அதுதான்) அணைக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அடுத்து சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பகுதிக்குப் போய் ‘சேஃப் பூட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினியை மறுபடி தொடங்கி, அப்படியே பயாஸுக்குள் நுழைந்து ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) எழுந்து, வட்டை இயக்கும் மென்பொருளான புதிய டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். பிறகு அந்தத் தேர்வை எடுத்துவிட்டுச் சாதாரணமாகத் தொடங்கலாம். பாதுகாப்பு முறையில் நீங்கள் வழக்கமாக அடிக்கும் ‘பின்’ எண்ணை ஏற்காமல் போகலாம், கணக்கின் முழுக் கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் இதை மறுநாள் மாலை செய்தபோது எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆனது.

சின்ன விஷயங்கள் சில. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிடுங்கள். 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த இந்த வசதி கணினியை முழுதாக அணைப்பதில்லை, பாதித் தூக்கத்தில் வைக்கிறது. அந்நிலையில் உபுண்டுவிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறந்தால் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் செய்யுங்கள். உபுண்டு 24.04க்கு 25 ஜிபி போதும் என்பார்கள், பிள்ளைகள் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் 60 கொடுங்கள். அதன் நிறுவல் கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி, ஆகவே பழைய 4 ஜிபி தம்ப் டிரைவ் உதவாது.

எல்லாம் முடிந்து இரண்டும் ஓடத் தொடங்கியதும் ஒருநாள் இரவு பத்து மணிக்கு விண்டோஸ் மதியம் இரண்டு என்று காட்டும். பயப்பட வேண்டாம். கணினியின் உள்கடிகாரத்தை உபுண்டு உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. சிங்கப்பூருக்கு வித்தியாசம் சரியாக எட்டு மணி. உள்கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும்படி உபுண்டுவில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது, அதைப் பையனே தேடிப் போட்டான்.

தம்ப் டிரைவை அழிக்காமல், வேறு எதற்கும் பயன்படுத்தாமல் வைத்திருங்கள். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் மேம்படுத்தல் ஒன்று வந்தபின் இரட்டை இயங்குதளம் உள்ள பல கணினிகளில் லினக்ஸ் எழ மறுத்தது. பழைய பூட் கோப்புகளை செக்யூர் பூட் இனி நம்பாது என்று ஆனதுதான் காரணம். அப்படி ஒரு நாள் வந்தால் வெளியிலிருந்து எழுப்பிப் பார்க்க அதுதான் வழி.

பூட் வரிசையில் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள், மாலையில் வேலை முடிந்ததும் பார்க்கிறேன். திரையைப் படமெடுத்துப் போடுவதும் நல்லதுதான். 48 இலக்க எண் தெரியும் படத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள்.