ஓராண்டு நிறுத்திவிட்டுப் படிக்க வைக்கலாமா?

கல்வி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தாள். கணக்கில் நல்ல மதிப்பெண். இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு. முதல் செமஸ்டரில் ஆங்கிலத்திலும் இரண்டு கணிதத் தாள்களிலும் அரியர் விழுந்துவிட்டது. நடத்துவது புரியவில்லை என்று அழுகிறாள். ஓராண்டு நிறுத்தி, தஞ்சாவூரில் ஆங்கிலப் பயிற்சி கொடுத்துவிட்டு, மறுபடி சேர்க்கலாம் என்கிறார் அவளுடைய மாமா. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை இவள்தான். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. அடிப்படையைச் சரிசெய்துவிட்டு மேலே போகலாம் என்னும் மாமாவின் யோசனை கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நம்பின. குறைந்த கட்டணத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் ஈராண்டுக் கல்லூரிகள் அவை. சேரும்போதே ஒரு தேர்வு வைத்து, கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியவர்களைப் பிரித்து, பட்டத்துக்குச் சேராத அடிப்படை வகுப்புகளில் முதலில் உட்கார வைத்தன. சிலர் அப்படி இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டியிருந்தது. அந்த வழியில் போனவர்களில் பெரும்பாலோர் பட்டப் பாடத்தின் வாசலுக்கே வந்து சேரவில்லை. தோற்றவர்கள் மட்டும் நின்றார்கள் என்றில்லை; ஒரு வகுப்பில் தேறிய பலரும் அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுக்காமலே நின்றுபோனார்கள். படிப்பில் இடைவெளி விழுந்தால் அதற்குள் வேலை நுழையும், வீட்டுக் கஷ்டம் நுழையும். நம் பக்கத்தில் பெண்பிள்ளை என்றால் முதலில் நுழைபவர்கள் பெண் பார்க்க வருகிறவர்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கண்ட பிறகு கலிபோர்னியா மாநிலம் 2017இல் ஒரு சட்டமே இயற்றியது. பட்டப் பாடத்தில் தேறவே வாய்ப்பு மிகக் குறைவு என்று காட்ட முடிந்தாலொழிய, ஒரு மாணவரை அடிப்படை வகுப்புக்குத் தள்ளக் கூடாது. நேரடியாகப் பட்டப் பாடத்தில் சேர்த்து, வேண்டிய உதவியை அதனுடனேயே தர வேண்டும். உங்கள் மகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறுகிறாள் என்றால், அதுவும் படிப்பைத் தொடர்வதை நம்பியே வருகிறது.

அவளுக்குக் கணக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. வகைக்கெழு, தொகையிடல், அணி, எல்லை என்று அவள் கற்ற எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பெயர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. தெரிந்த ஊரில் தெருப்பெயர்களை எல்லாம் மாற்றி எழுதியது போன்ற தடுமாற்றம் இது. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் ஆங்கிலவழிப் பதிப்பு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தன்னுடைய பழைய தமிழ்ப் புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் பக்கம் வைத்து, ஏற்கெனவே போட்டுப் பழகிய கணக்குகளையே நாளுக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் படித்து, சொற்களை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு கடையில் பேசக் கற்றுத் தரும்; ஒரு தேற்றத்தின் நிறுவலைப் படிக்கக் கற்றுத் தராது. அதற்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்ப்பதும் நல்லது. கேள்வி புரியாமல் விட்ட இடம் எது, கணக்கே வராமல் விட்ட இடம் எது என்று பிரித்துக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். "ஒன்றும் புரியவில்லை" என்று வருகிற பிள்ளைக்கு உதவ எந்த ஆசிரியருக்கும் வழி தெரியாது. "மூன்றாம் கேள்வியில் இந்த வரி புரியவில்லை" என்றால் பத்து நிமிடத்தில் தீரும். அரியர் விழுந்ததற்கு அவள் வெட்கப்பட வேண்டாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், ஆங்கிலத்தில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தவர்தான்.

கேள்வி: கல்லூரி முடிந்தபின் மாலையில் ஒரு மணி நேரம், பின்தங்கிய மாணவர்களுக்குக் குறைதீர் வகுப்பு நடத்துகிறேன். அறுபது பேரில் நான்கைந்து பேர்தான் உட்காருகிறார்கள். அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வதா?
– கௌரவ விரிவுரையாளர், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: பேருந்து நேரத்தை முதலில் பாருங்கள், ஐயா. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இலேயே வந்துவிட்டது. ஆனால் நாலரை மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான் என்றிருக்கும் ஊரில், உங்கள் ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணுக்கு இரண்டு மணி நேரமாகிவிடுகிறது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஏசாப் என்னும் திட்டம் இதைப் புரிந்துகொண்டது. தனி ஆலோசகர், பாட உதவி, கட்டணத்தில் விழும் துண்டை அடைத்தல், புத்தகம் ஆகியவற்றோடு மாதாந்திரப் பயண அட்டையும் அதில் உண்டு. ஆலோசகரைச் சந்தித்து, திட்டத்தில் ஒழுங்காகப் பங்கெடுத்தால்தான் அட்டை கைக்கு வரும். குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்றாண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 40, இல்லாதோரில் 22. அவ்வளவு பணம் உங்கள் துறையில் இருக்காது. ஆனால் ஒரு வகுப்பை மாலையிலிருந்து எடுத்துக் கால அட்டவணைக்குள் வைக்கப் பணம் வேண்டாம். ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள், அக்டோபர் பிறந்தால் மழை விடுமுறையும் நவம்பர்த் தேர்வும் சேர்ந்து நம்மை நெருக்கிவிடும்.

அறிவிப்புப் பலகையில் "மெல்லக் கற்போர் வகுப்பு" என்று எழுதியிருந்தால் அதை இன்றே அழித்துவிடுங்கள்; பதினெட்டு வயதுப் பிள்ளை யார்தான் அந்தப் பலகையின் கீழ் போய் உட்காரும்? "கணக்குப் பயிற்சி நேரம்" என்று போட்டு, நன்றாகப் படிக்கிறவர்களையும் சேர்த்தே வரச் சொல்லுங்கள்.