நெடும்பயண பைக்குக்கு எந்த கேம்ஷாஃப்ட்? கேள்வி பதில்

கேள்வி: பெரிய வி-ட்வின் டூரிங் பைக் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் மனைவியுடனும் பெட்டிகளுடனும்தான் பயணம். கேம் வாங்கும்போது லிஃப்ட் அதிகமாக உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

பதில்: போதாது. கேம் என்பது எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு. அதன் லிஃப்ட் என்பது வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதுதான் எஞ்சினின் குணத்தைத் தீர்மானிக்கிறது. அதிலும் உங்களைப் போல் சுமையோடு செல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கலவை உள்ளே வரும் இன்டேக் வால்வு மூடும் கோணத்தை, அதாவது பிஸ்டன் கீழ் முனையைத் தாண்டிய பின் கிராங்க் தண்டு எத்தனை டிகிரி சுழன்றதும் அது மூடுகிறது என்பதை. பிஸ்டன் கீழ் முனையை எட்டி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இந்த வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, பாய்ந்து வரும் காற்றுக்கு உந்துவிசை இருப்பதால் சிலிண்டர் தொடர்ந்து நிரம்பும். மெதுவாகச் சுழலும்போது அந்த உந்துவிசை இல்லாததால், ஏறி வரும் பிஸ்டன் கலவையின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். எனவே தாமதமாக மூடும் கேம் மேல் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) பலம் தரும். சீக்கிரம் மூடும் கேம் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை தரும். ஹார்லி வகை எஞ்சின்களில் கீழ் முனைக்குப் பின் 30 டிகிரியை ஒட்டி மூடும் கேம் உங்கள் பயணத்துக்குப் பொருந்தும். 45 டிகிரியைத் தாண்டினால், பெரிய கொள்ளளவும் உயர்ந்த கம்ப்ரஷனும் இல்லாத எஞ்சினுக்கு அது ஏற்றதல்ல என்பது என் கருத்து.

கேள்வி: இரண்டு நிறுவனங்களின் கேம்களை ஒப்பிட்டேன். ஒன்றின் டியூரேஷன் மற்றதைவிட மிக அதிகமாகப் போடப்பட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: டியூரேஷன் என்பது வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை கிராங்க் டிகிரியில் சொல்வது. இரண்டும் ஒரே லிஃப்டில் அளக்கப்பட்டவையா என்று பாருங்கள். ஹார்லி கேம்களுக்கு 0.053 அங்குல லிஃப்டில் அளப்பது வழக்கம்; வேறு பல எஞ்சின்களுக்கு 0.050 அங்குலம் அல்லது 1 மில்லிமீட்டர். விளம்பர டியூரேஷன் என்று போடுவதோ வால்வு அசையத் தொடங்கும் இடத்தை ஒட்டி அளப்பதால் எப்போதும் பெரிதாகவே தெரியும். ஒரே அளவுகோல் இல்லாமல் செய்யும் ஒப்பீடு பயன்படாது.

கேள்வி: டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரம்) தாளில் ஒரு கேம் அதிக ஹார்ஸ்பவர் காட்டுகிறது. அதையே வாங்கலாம் அல்லவா?

பதில்: அந்த உச்ச எண் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று பாருங்கள். 5,500-இல் வரும் உச்சத்தை நெடுஞ்சாலைப் பயணி எப்போதாவதுதான் தொடுவார். அவருடைய நாள் முழுவதும் 2,000 முதல் 3,500 வரை உள்ள பகுதியில்தான் கழிகிறது. கிலோவாட் கணக்கில் திறன் என்பது நியூட்டன்மீட்டர் டார்க்கை (சுழற்றும் விசையை) ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்த அளவு. உதாரணமாக, 2,500 ஆர்பிஎம்மில் ஒரு கேம் 150 நியூட்டன்மீட்டரும் மற்றொன்று 130 நியூட்டன்மீட்டரும் தந்தால், முன்னதில் கிடைப்பது சுமார் 39 கிலோவாட், பின்னதில் 34. மேட்டில் ஒரு லாரியை முந்தும்போது கியரைக் குறைக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவு செய்வது இந்த வித்தியாசம்தான். ஆகவே குறைந்த ஆர்பிஎம்மைக் காட்டும் தாளின் இடது பாதியைப் படியுங்கள். அங்கே கோடு பழைய கேமைவிடத் தாழ்ந்திருந்தால், வலது பாதி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்த கேம் உங்களுக்கானதல்ல.

கேள்வி: என்னுடையது ஹார்லியின் மில்வாக்கி-எய்ட் 114 எஞ்சின். சீக்கிரம் மூடும் கேம் போட்டால் நாக்கிங் வருமா?

பதில்: வர வாய்ப்புண்டு; நல்ல கேள்வி. நாக்கிங் என்பது கலவை நேரம் தவறித் தானாகவே வெடித்து எரிவது. அந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 10.5-க்கு 1. ஆனால் கலவை உண்மையில் அழுத்தப்படத் தொடங்குவது வால்வு மூடிய பிறகுதான். முன்கூட்டியே மூடினால் கூடுதல் கலவை சிக்கி, சிலிண்டர் அழுத்தம் உயர்கிறது. வெயிலில், சுமையோடு, குறைந்த ஆர்பிஎம்மில் த்ராட்டிலைத் திறக்கும்போது அது நாக்கிங்காக வெளிப்படும். உங்கள் பாதையில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் குறைவென்றால் மிகவும் சீக்கிரம் மூடும் கேமைத் தவிர்த்து, சில டிகிரி தாமதமானதை எடுங்கள். உயரமான மலைப் பாதைகளில் காற்றின் அடர்த்தி குறைவதால் நிலைமை தலைகீழ்: அங்கே சீக்கிரம் மூடும் கேம்தான் இழந்த அழுத்தத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தரும்.

கேள்வி: ‘அப்படியே பொருத்தலாம்’ என்று விற்கும் கேமுக்கும் வால்வு ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா? உள்ளே இடைவெளி பார்க்க வேண்டுமா?

பதில்: ஹெட், பிஸ்டன், கேஸ்கட் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்து, கேம் தயாரிப்பாளரும் அந்த எஞ்சினுக்கு அந்த ஸ்பிரிங் போதும் என்று எழுத்தில் சொல்லியிருந்தால் மாற்றத் தேவையில்லை. இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் அளந்தே ஆக வேண்டும். முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. ஸ்பிரிங்கின் மேல்மூடியான ரிடெய்னர், வால்வு சீலைத் தொடக் கூடாது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இன்டேக் பக்கம் குறைந்தது 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டர் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை.

அளக்கும் முறை எளிது. பிஸ்டனின் வால்வுப் பள்ளத்தில் மெல்லிய அடுக்காகக் களிமண் மாவை ஒட்டி, வால்வில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க மேலே சிறிது எண்ணெய் தடவி, ஹெட்டைக் கேஸ்கட்டோடு பூட்டி, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு ஹெட்டைக் கழற்றி, மாவின் மிக மெல்லிய இடத்தைக் கத்தியால் வெட்டி வெர்னியரால் அளக்கலாம். கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும், எண்ணெய் நிரம்பிய ஹைட்ராலிக் லிஃப்டரை அப்படியே வைத்து அளக்காதீர்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் அது அமுங்கி, உண்மையைவிட அதிக இடைவெளி இருப்பதாகக் காட்டும். அளவுக்கென்று திட லிஃப்டரைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஹார்லியின் ட்வின் கேம் எஞ்சின், 2003 மாடல். கேம் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: அந்த ஆண்டு எஞ்சினில் கேம் செயினை இறுக்கிப் பிடிப்பது ஸ்பிரிங் அழுத்தும் பிளாஸ்டிக் பட்டைகள் (டென்ஷனர் ஷூ). அவை தேய்ந்து உதிரும் துகள்கள் ஆயில் பம்பைக் கெடுக்கும். கவரைத் திறந்த கையோடு அவற்றை மாற்றுங்கள், அல்லது ஹைட்ராலிக் டென்ஷனருக்கு மாறுங்கள். உள் பேரிங்குகளையும் லிஃப்டர்களையும் அதே வேலையில் புதிதாக்குங்கள். 2007 முதல் வந்த கேம்கள் உங்கள் எஞ்சினுக்கு நேரடியாகப் பொருந்தா என்பதால் ஆண்டைச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: அட்ஜஸ்டபிள் புஷ்ராடு பொருத்தும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: புஷ்ராடு என்பது லிஃப்டரின் அசைவை மேலே வால்வுப் பக்கம் கொண்டு செல்லும் கம்பி; அட்ஜஸ்டபிள் வகையின் நீளத்தை மாற்றலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல் முனையில் நிற்க வேண்டும். புஷ்ராடை ஆட்டம் நீங்கும்வரை நீட்டி, பிறகு தயாரிப்பாளர் சொன்ன சுற்றுகளைக் கொடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் மரையும் வேறு என்பதால் பிறருடைய எண்ணைக் கடன் வாங்காதீர்கள். அதன் பின் பொறுமை முக்கியம். லிஃப்டரில் உள்ள எண்ணெய் கசிந்து, புஷ்ராடு விரலால் சுழலும் நிலைக்கு வரும்வரை கிராங்கைத் திருப்பக் கூடாது. அதற்கு முன் திருப்பினால் திறந்தே நிற்கும் வால்வு பிஸ்டனில் மோதி வளையக்கூடும்.

கேள்வி: கேம் போட்ட பிறகு ஈசியு (எஞ்சின் கணினி) மேப் மாற்றாமல் ஓட்டலாமா?

பதில்: கூடாது. காற்று நிரம்பும் அளவு ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் மாறிவிட்டது. பழைய மேப் பழைய நிரப்பத்துக்கே பெட்ரோலைக் கணக்கிடும். கலவை பெட்ரோல் குறைந்து எரிந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் சூடேறும். சைலன்ஸர், ஏர் ஃபில்டர் மாற்றும் எண்ணம் இருந்தால் அவற்றை முதலில் முடித்துவிட்டு, கேமைப் பொருத்தி, கடைசியாக ஒரே முறை டியூன் செய்யுங்கள். உங்கள் பகுதியின் புகை விதிகள் எதை அனுமதிக்கின்றன என்பதை உதிரிபாகம் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.