வாட்டில் பகிடி குறைந்தால்

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாதி: முந்தி வாட்டில் நான்தான் பகிடி விடுகிற ஆள். இப்போது மற்றவர்கள் சிரித்தாலே எரிச்சல் வருகிறது. ஏன்?

தங்கச்சி, உங்கள் குணம் மாறவில்லை, ஆள் களைத்துவிட்டீர்கள். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வேலைச் சோர்வை அளக்க வெளியிட்ட கேள்விக்கொத்தில் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: மனம் வற்றிப்போவது, எதிரில் நிற்பவரை ஒரு ஆளாக நினைக்காமல் போவது, நான் செய்து என்ன வந்தது என்ற எண்ணம். பகிடி விடவும் மனதில் கொஞ்சம் மிச்சம் வேண்டும், அடுத்தடுத்து நைட் செய்துவிட்டு வருகிறவரிடம் அது எங்கே இருக்கும்? முதலில் நித்திரை.

புதுக்குடியிருப்பு ஆசிரியர்: ஸ்டாஃப் ரூமில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை வைத்துப் பகிடி நடக்கிறது. மன ஆறுதலுக்குத்தானே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள் சேர். பகிடி எல்லாம் ஒன்றல்ல. கனடா உளவியலாளர் ரொட் மார்ட்டின் குழுவினர் 2003இல் அதை நான்காகப் பிரித்தார்கள்: கூட இருப்பவர்களோடு சேர்ந்து சிரிப்பது, கஷ்டத்திலும் தனக்குள் சிரித்துச் சமாளிப்பது, மற்றவரைக் குத்துவது, மற்றவர்கள் சிரிக்கத் தன்னையே மட்டம் தட்டுவது. முதல் இரண்டும் உள்ளவர்களிடம் சோர்வு குறைவு, கடைசி இரண்டும் உள்ளவர்களிடம் அதிகம் என்றுதான் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. எது எதைக் கொண்டுவருகிறது என்பதை அவற்றை வைத்து மட்டும் சொல்ல முடியாது. 2009இல் போரில் இடம்பெயர்ந்து வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள் தண்ணீர் வரிசையைச் சொல்லி இன்றும் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன், அது பட்டவர்கள் பட்டதைச் சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு, அதில் ஒருவரும் சிறுமைப்படுவதில்லை. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை மக்கு என்று சிரிப்பது அப்படியா? பிள்ளை பிள்ளையாகத் தெரியாமல் போய்விட்டது என்றுதான் அர்த்தம், அந்த ஆசிரியரும் நன்றாகக் களைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். தனியே கூப்பிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்தபடி, என்ன பிரச்சினை என்று கேளுங்கள்.

ஆடைத் தொழிற்சாலை சுப்பர்வைசர்: லைனில் பகிடி விட்டால் பிள்ளைகள் களைக்காமல் வேலை செய்வார்களா?

இல்லை தம்பி. நீங்கள் மேலே இருப்பவர், நீங்கள் விடுகிற பகிடிக்கு அவர்கள் சிரித்தே ஆகவேண்டும், அப்புறம் அதுவும் அவர்களுக்கு இன்னொரு வேலை. டார்கெட்டையும் லீவையும் பற்றி மேலிடத்தில் பேசுங்கள், சிரிப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மாங்குளம் கள உத்தியோகத்தர்: இந்த வேலைச் சோர்வு ஒரு நோயா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வேலையோடு வருகிற நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று அல்ல. சரி, லீவில் வீட்டில் நின்றும் ஒன்றிலும் மனம் போகாமல், நித்திரையும் இல்லாமல் இரண்டு கிழமை தாண்டினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கள்.