வெயிட் குறைக்கிற ஊசி போடுறேன்... ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லணுமா?

கேள்வி: எனக்கு 38 வயசு, ஊர் ஈரோடு பக்கம். ரெண்டாவது சிசேரியனுக்கு அப்புறம் வெயிட் ஏறி ஏறி 94 கிலோ வரைக்கும் போயிடுச்சு. அஞ்சு மாசமா வாரம் ஒரு ஊசி போட்டுக்கிறேன், இப்ப 83. ஜிம் ட்ரெய்னர்தான் மருந்து வாங்கித் தர்றாரு, இன்சுலின் சிரிஞ்சுல எத்தன யூனிட் இழுக்கணும்னு வாட்ஸ்அப்ல சொல்லுவாரு. பாட்டில்ல டிர்செபடைடுன்னு மட்டும் எழுதிருக்கு. போன மாசம் டோஸ் ஏத்துனதுல இருந்து வாந்தி, மலச்சிக்கல், முடி கொத்துக் கொத்தா கொட்டுது. பிரியாணி மாதிரி எதாவது சாப்பிட்டா வலது பக்கம் விலாவுக்குக் கீழ வலிக்குது. சுகருக்கு கிளிமிபிரைடு மாத்திரையும் எடுக்கிறேன், சில நாள் காலைல பதினோரு மணி வாக்குல கை நடுங்கி வேர்க்குது. அடுத்த மாசம் ஹெர்னியா ஆபரேஷன். ஊசி விஷயம் வீட்டுலயும் தெரியாது (மாமியார் என்ன சொல்லுவாங்களோன்னு பயம்), சர்ஜனுக்கும் தெரியாது, ஃப்ரிட்ஜ்ல காய்கறி ட்ரேக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன். சொன்னா ஆபரேஷன தள்ளிப் போட்டுடுவாங்களா? அம்மாவுக்கு தைராய்டு இருக்கு, எனக்கு கேன்சர் வந்துடுமா? நிறுத்துனா மறுபடி ஏறிடுமா? (பேர் போட வேண்டாம்)

பதில்:

சொல்லுங்கம்மா. அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த வாரமே போய்ச் சொல்லுங்க. சர்ஜன்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது, மயக்க மருந்து குடுக்கிற டாக்டர்கிட்டயும் உங்க வாயாலயே சொல்லணும், ஏன்னா இந்த விஷயம் ரொம்ப முக்கியமா தெரிஞ்சிருக்க வேண்டியது அவருக்குத்தான்.

இந்த ஊசி பசியைக் குறைக்கிறதோட இரைப்பை காலியாகுற வேகத்தையும் குறைக்கும், அதனாலதான் ரெண்டு இட்லிலயே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரியோட சாப்பாட்ட நிறுத்தச் சொல்லுவாங்கல்ல, சாதாரணமா அதுலயே வயிறு காலியாகிடும். ஆனா இந்த மருந்துல இருக்கிறவங்க சிலருக்கு ராத்திரி சாப்பிட்டது காலைலயும் வயித்துலயே கெடக்கும். மயக்கத்துல அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. அபூர்வமா நடக்கிறதுதான், ஆனா நடந்திருக்கு, அதனாலதான் 2024 நவம்பர்ல அமெரிக்காவுல இந்த மருந்துகளோட லேபிள்லயே இந்த எச்சரிக்கையச் சேர்த்தாங்க. டோஸ் இப்பதான் ஏத்தியிருக்கீங்க, வாந்தியும் இருக்கு, இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் ரிஸ்க் கூட. தெரிஞ்சுட்டா டாக்டருங்களுக்கு வழி இருக்கும்மா. ஊசிய முன்னாடியே நிறுத்தச் சொல்லலாம், முந்தின நாள் முழுக்க திரவ ஆகாரம் மட்டும்னு சொல்லலாம், வயித்த ஸ்கேன்ல பாத்துட்டு மயக்கம் குடுக்கலாம், தேவைப்பட்டா தேதிய தள்ளி வைக்கலாம். தள்ளி வெச்சாத்தான் என்ன, அவசரம் இல்லாத ஹெர்னியா கொஞ்ச நாள் காத்திருக்கும். வெளிய வந்து மாட்டிக்கிட்டு வலிச்சா மட்டும் அது அவசரம், அப்ப உடனே ஓடணும்.

இப்ப அந்த வலது பக்க வலி. பித்தப்பைக் கல்லா இருக்குமோன்னு எனக்கு சந்தேகம். வெயிட் சட்டுனு எறங்குனாலே கல்லு உருவாக வாய்ப்பு கூடும், இந்த மருந்துகள்ல இன்னும் கொஞ்சம் கூடுது. இதே குடும்பத்து இன்னொரு ஊசி மருந்து செமாகுளூடைடு, அத வெச்சுப் பண்ண பெரிய ஆய்வு ஒண்ணு 2021ல வந்துச்சு, அதுல மருந்து போட்டவங்கள்ல நூத்துக்கு 2.6 பேருக்கு பித்தப்பைத் தொந்தரவு, ஒப்பிட்டுப் பாக்க மருந்தே இல்லாத ஊசி போட்டவங்கள்ல 1.2 பேருக்கு. ஒரு வயித்து ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சுடும், அதையும் ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, சர்ஜனுக்கும் அது தெரிஞ்சாகணும். ஆனா வலி விடாம இருந்து முதுகு வரைக்கும் துளைக்கிற மாதிரி போச்சுன்னாலோ, காய்ச்சல், மஞ்சக்காமாலைன்னு வந்தாலோ ஸ்கேன் டேட்டுக்காக உக்காந்திருக்காதீங்க, நடு ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கணையத்துல வீக்கமா இருக்கலாம், அது விளையாட்டு இல்ல.

பதினோரு மணிக்கு கை நடுங்குறது அநேகமா சுகர் எறங்குறதுதான். இந்த ஊசி தனியா சுகர ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துறது அபூர்வம், ஆனா கிளிமிபிரைடு கூட சேர்ந்தா தாழ்த்திடும், நீங்க சாப்பிடுறதும் பாதியாயிடுச்சு, மாத்திரை மட்டும் பழைய அளவுலயே ஓடிக்கிட்டு இருக்கு. சுகர் டாக்டருக்கு ஊசி விஷயம் தெரிஞ்சிருந்தா அந்த மாத்திரையத்தான் முதல்ல குறைச்சிருப்பாரு. வீட்டுல குளுக்கோமீட்டர் வெச்சுக்கங்க, நடுங்கும்போது பாருங்க, 70க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சக்கரைய தண்ணில கலக்கிக் குடிச்சுட்டு கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. வண்டி ஓட்டும்போது வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க... அதனால மாத்திரை அளவு பத்தி நாளைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்க.

உங்க கடிதத்துல என்னைய ரொம்ப பயமுறுத்துனது அந்த பாட்டில்தாம்மா. கம்பெனி பேர் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, காலாவதித் தேதி இல்ல. நம்ம நாட்டுல டிர்செபடைடு மவுஞ்சாரோங்கற பேருல 2025 மார்ச்லயும், செமாகுளூடைடு ஊசி வெயிட்டுக்காக வீகோவிங்கற பேருல அதே வருஷம் ஜூன்லயும் முறையா வந்துடுச்சு, சீட்டு எழுதி வாங்கிக்க வழி இருக்கு. உங்க பாட்டில்ல இருக்கிறது அந்த மருந்துதானா, எவ்வளவு இருக்கு, சுத்தமா தயாரிச்சாங்களா, எதுவும் யாருக்கும் தெரியாது. 2 டிகிரில இருந்து 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்க வேண்டிய மருந்து, ஈரோட்டு வெயில்ல கூரியர்ல எத்தன நாள் கெடந்துச்சோ. போலி செமாகுளூடைடு புழக்கத்துல இருக்குன்னு 2024 ஜூன்ல உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டுச்சு. அதே வருஷம் அமெரிக்காவுல, பாட்டில்ல இருந்து தாங்களே சிரிஞ்சுல இழுத்துப் போட்டுக்கிட்டவங்கள்ல சில பேரு போட வேண்டியத விட அஞ்சு மடங்குல இருந்து இருபது மடங்கு வரைக்கும் போட்டு ஆஸ்பத்திரில சேந்துருக்காங்க. காரணம் என்னன்னா சிரிஞ்சுல இருக்கிறது யூனிட் கணக்கு, மருந்து மில்லிகிராம் கணக்கு, பாட்டில்ல எவ்வளவு கரைச்சிருக்காங்கன்னு தெரியாம யூனிட்ட மட்டும் வெச்சு டோஸ் சொல்லவே முடியாது. டிர்செபடைடு 2.5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு நாலு வாரம் கழிச்சு 5, அப்புறமும் நாலு வாரமாவது விட்டு விட்டுத்தான் ஏத்துவாங்க, வாந்தி இருந்தா ஏத்தவே மாட்டாங்க. அந்த ட்ரெய்னர் நல்லவராவே இருக்கட்டும், அவரால உங்களுக்கு ரத்தம் டெஸ்ட் எடுத்துப் பாக்க முடியாது, ராத்திரி வாந்தி நிக்கலன்னா டிரிப் போட முடியாது. அவர் குடுத்த ஊசிய இன்னைக்கோட நிறுத்துங்க. பாட்டில தூக்கிப் போட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேன்சர் பயத்த கொஞ்சம் எறக்கி வைங்க. எலிகளுக்கு இந்த மருந்துகளக் குடுத்துப் பாத்தப்போ தைராய்டுல ஒரு வகைக் கட்டி வந்துச்சு, அதனால மெடுல்லரி தைராய்டு கேன்சர்னு ஒரு அபூர்வமான வகை தனக்கோ ரத்த சொந்தத்துலயோ இருந்தா இந்த ஊசி கூடாதுன்னு வெச்சிருக்காங்க. அம்மா காலைல வெறும் வயித்துல மாத்திரை போடுற தைராய்டு பெரும்பாலும் சுரப்பு கம்மியாகுற தைராய்டு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இருந்தாலும் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, குடும்பத்துல யாருக்காச்சும் தைராய்டு கேன்சர்னு ஆபரேஷன் பண்ணாங்களான்னு.

முடி கொட்டுறது சீக்கிரமா இளைக்கிறவங்க நெறைய பேருக்கு வர்றது, டைபாய்டு வந்துட்டுப் போனா மூணு மாசம் கழிச்சு கொட்டுமே அந்த ரகம். பெரும்பாலும் திரும்ப வளந்துடும். ஆனா கொழுப்போட சேந்து தசையும் கரையுது, அது சும்மா திரும்ப வராது. சாப்பிடுறதே கொஞ்சம்னா அந்தக் கொஞ்சத்துல முட்டை, மீன், சுண்டல், பயறு, பருப்புன்னு முதல்ல இருக்கணும், சோறு அப்புறம். ஹெர்னியா சரியாகுற வரைக்கும் வெயிட் தூக்குற எக்சர்சைஸ் வேண்டாம், நடங்க, தண்ணி நெறைய குடிங்க. வாந்தில தண்ணி வத்திப் போயி கிட்னி பாதிச்சு வர்றவங்கள இந்த மருந்துல பாக்குறோம்.

கடிதத்தோட கடைசில ஒரு வரி எழுதிருந்தீங்க, மேல அத போடல, "ராத்திரி பத்து மணிக்கு கிச்சனுக்குப் போயி முறுக்கு டப்பாவத் தொறக்காம வாழ்க்கைல முதல் தடவையா தூங்குனேன்"னு. இந்த ஊசி போடுறவங்க நெறைய பேரு என்கிட்ட சொல்றது இதத்தான், எந்நேரமும் தலைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த சாப்பாட்டு நினைப்பு நின்னுடுச்சு, அப்பதான் இது என் வாய்க்கொழுப்பு இல்ல, உடம்பு பண்ற வேலைன்னு புரிஞ்சுதுன்னு கண்ணு கலங்கிச் சொல்லுவாங்க. அவங்க சொல்றது உண்மை. மத்த பக்கத்த மட்டும் சொல்லிட்டு இத சொல்லாம விட்டா அது நியாயம் இல்ல. சிபுட்ரமின்னு முந்தி வந்த இளைக்கிற மாத்திரை இதயத்தக் கெடுத்து, 2010ல வெளிநாட்டுல நிறுத்தி, 2011ல இங்கயும் தடை பண்ணாங்க, அந்த ஞாபகத்துல இதையும் அதே கணக்குல சேக்குறவங்க உண்டு. ஆனா இந்தக் குடும்ப மருந்துகள் 2005ல இருந்தே சுகருக்குப் புழங்குது, ஏற்கனவே இதய நோய் இருந்த 17,000 பேருக்கு மேல செமாகுளூடைடு வெச்சுப் பாத்த ஆய்வுல ஹார்ட் அட்டாக், பக்கவாதம் மாதிரி பெரிய பாதிப்புகள் 20 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2023ல வந்துச்சு. நல்ல மருந்துதான், சரியான ஆளுக்கு, சரியான டோஸ்ல, பாத்துக்க ஒரு டாக்டர் இருந்தா.

நிறுத்துனா ஏறுமான்னு கேட்டீங்க. பெரும்பாலும் ஏறும்மா, மறைக்க விரும்பல. செமாகுளூடைடு ஆய்வுல 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் வரைக்கும் எறங்குச்சு, நிறுத்தி ஒரு வருஷத்துல எறங்குனதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பிடுச்சு. பிரஷர் மாத்திரைய நிறுத்துனா பிரஷர் ஏறுற மாதிரிதான், அதுல உங்க தப்புன்னு எதுவும் இல்ல. அதனால வருஷக் கணக்குல போட முடியுமா, அதுக்குப் பணம் இருக்கான்னு இப்பவே டாக்டரோட உக்காந்து பேசுங்க.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிற பொண்ணுங்களும் இத படிப்பீங்க, உங்களுக்கும் ஒண்ணு. வெயிட் எறங்குனதும் பீரியட்ஸ் சீராகி எதிர்பாக்காம கர்ப்பம் நிக்கும், டிர்செபடைடுல கர்ப்பத்தடை மாத்திரை சரியா வேலை செய்யாமப் போகலாம், ஆரம்பிச்ச நாலு வாரமும் டோஸ் ஏத்துற ஒவ்வொரு தடவை நாலு வாரமும் ஆணுறை மாதிரி வேற தடுப்பு வேணும். குழந்தைக்கு முயற்சி பண்றதா இருந்தா முன்கூட்டியே நிறுத்தணும், செமாகுளூடைடுன்னா ரெண்டு மாசம் முன்னாடி.

வீட்டுல சொல்றது பத்தி. மாமியார் "ஒழைக்காம இளைக்கப் பாக்குறா"ன்னு சொல்லுவாங்கன்னு பயம், புரியுது. ஊருக்கே சொல்ல வேண்டாம், வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லுங்க. நீங்க மயங்கி விழுந்தா ஆஸ்பத்திரில "என்ன மருந்து சாப்பிடுறாங்க"ன்னு அவரத்தான் கேப்பாங்க, அவருக்கு கிளிமிபிரைடு மட்டும்தான் தெரியும்.

ஆபரேஷன் முடிஞ்சு தையல் ஆறுனப்புறம் மறுபடி ஊசி வேணும்னு டாக்டரும் நீங்களும் முடிவு பண்ணா பழைய டோஸ்ல இருந்து தொடராதீங்க, சில வாரம் விட்டுப் போயிருந்தா கீழ இருந்து ஆரம்பிக்கச் சொல்லுவாங்க, இல்லன்னா வாந்தி பின்னி எடுத்துடும். டாக்டர் பாத்து முடிச்சதும் அந்த பாட்டிலயும் சிரிஞ்சையும் அங்கயே குடுத்துட்டு வந்துடுங்க, மிச்சம் இருக்கேன்னு நாத்தனாருக்கோ ஃப்ரெண்டுக்கோ குடுத்துடாதீங்க.