ஸ்விஃப்ட் கார்ல முன் பிரேக் பேட், டிஸ்க் ரெண்டையும் வீட்டிலேயே மாத்த முடியுமா?

கேள்வில நீங்க சொல்லியிருக்கிறது, பிரேக் போட்டா கீச்சுனு சத்தம் வருது, பேடோட (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை) சேர்த்து டிஸ்க்கும் (சக்கரத்தோட சுத்துற இரும்புத் தட்டு) மாத்தணும்னு சொல்லிட்டாங்க, நாமே பண்ணலாமா இல்ல பயமான வேலையானு. பண்ணலாங்க. நான் என் ஸ்விஃப்ட்டுக்கு வீட்டு வாசல்லயே பண்ணேன். ஆனா ஏன் நானே இறங்கினேன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இந்த வேலைல எது முக்கியம்னு எனக்குப் புரிஞ்சதே அப்பதான்.

அதுக்கு ஆறு மாசம் முன்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்ல கொடுத்து பேட், டிஸ்க் எல்லாம் புதுசா மாத்தியிருந்தேன். அப்புறம் குடும்பத்தோட கொல்லிமலை போயிட்டு இறங்குறோம், 70 கொண்டை ஊசி வளைவு, செகண்ட் கியர்லயே வந்தும் பாதி இறங்குறதுக்குள்ள பிரேக்ல கால் வச்சாலே ஸ்டியரிங் கையில உதறுது, பெடல் காலைத் தள்ளுது. பின்சீட்ல குழந்தைங்க. அன்னிக்கு அடிவாரம் வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உயிர் கையில இல்லை.

ஞாயித்துக்கிழமை கழட்டிப் பார்த்தா, வலது பக்க உள் பேட் இரும்புத் தகடு தெரியற அளவுக்குத் தேஞ்சிருக்கு, வெளிப் பேட் பாதிக்கு மேல அப்படியே இருக்கு. காரணம், காலிப்பர், அதாவது ரெண்டு பேடையும் டிஸ்க்குல அழுத்துற கவ்வி, நகர்றதுக்குன்னு இருக்கிற கைடு பின். நம்ம மாதிரி வண்டிகள்ல பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள் பேடைத் தள்ளும், அந்த விசைல காலிப்பர் மொத்தமா நகர்ந்து வெளிப் பேடை இழுத்துப் பிடிக்கும். பின் காய்ஞ்சு இறுகிட்டா காலிப்பர் நகராது, எல்லா வேலையும் உள் பேட் தலைல விழும். அந்தப் பின்னை வெளிய எடுக்க பிளையர் போட்டுத் திருக வேண்டியிருந்தது, கிரீஸ்னு பேருக்குக்கூட இல்லை.

ரெண்டாவது, டிஸ்க்கைக் கழட்டினா பின்னாடி ஹப் முகத்துல, அதாவது டிஸ்க்கும் சக்கரமும் உக்கார்ற நடுப்பகுதில, துரு பொருக்குப் பொருக்கா அப்படியே இருக்கு, அதைத் தேய்க்காம மேலயே புது டிஸ்க்கை மாட்டியிருக்காங்க. அந்தப் பொருக்கு ஒரு முடி கனம் இருந்தாலும் டிஸ்க் லேசா சாய்ஞ்சு உக்காரும், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடம் பேடுல உரசும், சில ஆயிரம் கிலோமீட்டர்ல அந்த இடம் மட்டும் தேஞ்சு கனம் மாறிடும், அப்புறம் பிரேக் போட்டா உதறும். டிஸ்க் வளைஞ்சிடுச்சுனு எல்லாரும் சொல்றது பெரும்பாலும் இதுதான், உண்மைல வளையறது இல்லை. அதனால பாருங்க, ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சா மாத்துறது சுலபம், சுத்தம் பண்றதுலதான் இந்த வேலையே இருக்கு.

சரி, டிஸ்க் நிஜமாவே மாத்தணுமானு முதல்ல பாருங்க. டிஸ்க்குல குறைஞ்சபட்ச கனம் இத்தனை மில்லிமீட்டர்னு அச்சா இருக்கும், துருவைத் தேய்ச்சா தெரியும். வெர்னியர்ல அளக்கும்போது ஓரத்துல தேயாத விளிம்பு முட்டிக்கும், அதனால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காசு வச்சு அளந்து ரெண்டு காசோட கனத்தையும் கழிச்சுக்கோங்க. பேட் 3 மில்லிக்குக் கீழ வந்தா மாத்திடணும், கீச் சத்தமே பேடுல இருக்கிற சின்னத் தகடு டிஸ்க்குல உரசி நம்மைக் கூப்பிடறதாதான் பெரும்பாலும் இருக்கும். பேட், டிஸ்க் எதுவா இருந்தாலும் ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்துதான். ரானே, பிரேக்ஸ் இந்தியா ரெண்டும் நம்ம சென்னைக் கம்பெனிங்கதான், நல்ல கடைல பில்லோட வாங்குங்க, விலை கம்மினு பேரில்லாத பேட் வேண்டவே வேண்டாம்.

வண்டியை சமதரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டு, பின் டயருக்குக் கல்லு அண்டக் கொடுத்துட்டு, டயர் தரைல இருக்கும்போதே நட்டைத் தளர்த்திட்டு அப்புறம் ஜாக்கி போடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி கீழ கை விடாதீங்க, ஜாக் ஸ்டாண்ட் ஒண்ணு கட்டாயம் வாங்கிடுங்க. ஒரு பக்கம் முடிச்சுட்டுதான் அடுத்த பக்கம், சந்தேகம் வந்தா கழட்டாத பக்கத்தைப் பார்த்துக்கலாம், கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு போட்டோவும் எடுத்துக்கோங்க.

காலிப்பரைக் கழட்டினதும் அதை ரப்பர் ஹோஸ்ல தொங்க விடக்கூடாது, கம்பி போட்டு சுருள் ஸ்பிரிங்ல கட்டிடுங்க. காலிப்பரைத் தாங்குற பிராக்கெட்டோட போல்ட் நல்லா இறுகியிருக்கும், ஸ்பேனருக்கு நீளமா பைப் மாட்டித் திருப்பினா வந்துடும். டிஸ்க் ஹப்போட ஒட்டிட்டிருந்தா சுத்தியலை எடுக்கிறதுக்கு முன்னாடி டிஸ்க்குல மரை வெட்டின ரெண்டு சின்ன ஓட்டை இருக்கானு பாருங்க, அதுல 8 மில்லி போல்ட் ரெண்டை மாத்தி மாத்தி இறுக்கினா டிஸ்க் தானா கழண்டு வந்துடும்.

இப்பதான் நிதானமா பண்ண வேண்டிய பகுதி. ஹப் முகத்தை வயர் பிரஷ்லயும் உப்புத்தாள்லயும் பளபளனு ஆகுற வரைக்கும் தேய்ங்க, வீல் போல்ட்டைச் சுத்தி இருக்கிற மூலையில விரலை வச்சுத் தடவிப் பாருங்க, அங்கதான் துரு ஒளிஞ்சிருக்கும். எனக்கு ஒரு சக்கரத்துக்கு இதுக்கே அரைமணி நேரம் ஆச்சு. புது டிஸ்க்குல துரு பிடிக்காம இருக்க எண்ணெய் தடவியிருப்பாங்க, பிரேக் கிளீனர் அடிச்சு துடைச்சிட்டு மாட்டுங்க. கைடு பின்களைத் துடைச்சு சிலிக்கான் கிரீஸ் போடுங்க, பேரிங் கிரீஸ் போட்டா உள்ள இருக்கிற ரப்பர் ஊதிப் போயிடும். பின்னை உள்ள விட்டா விரலால தள்ளினாலே வழுக்கிட்டுப் போகணும். அப்புறம் பிரேக் தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க, மூச்சுல போகக் கூடாதது அது, ஈரத்துணியால துடைங்க.

பிஸ்டனை உள்ள தள்ள பழைய பேடை மேல வச்சு சி கிளாம்ப்ல மெதுவா இறுக்குங்க. அப்ப பிரேக் ஆயில் டப்பாவுல லெவல் ஏறும், ஏற்கனவே நிறைய இருந்தா வழிஞ்சிடும், பெயின்ட் மேல பட்டா அரிச்சிடும், உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. எல்லாம் மாட்டினப்புறம் வீல் நட்டை எதிரெதிரா, டார்க் ரெஞ்ச் வச்சு மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு இறுக்குங்க, கோணலா இறுக்கினாலும் டிஸ்க் சாயும்.

இதை மட்டும் மறந்துடாதீங்க, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை மிதிங்க. பிஸ்டன் உள்ள போயிருக்கிறதால முதல் மிதிக்கு பெடல் தரை வரைக்கும் போயிடும், பிரேக்கே இருக்காது. மிதிக்க மிதிக்கத்தான் கல்லு மாதிரி கெட்டியாகும், அப்புறம்தான் சாவியைத் திருப்பணும். அப்புறம் புது பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு படியறதுக்காக, பைபாஸ்ல விடியக்காலை ஆள் இல்லாத நேரத்துல 60ல இருந்து 10 வரைக்கும் பத்து தடவை பிரேக் போட்டு இறக்கினேன், முழுசா நிக்காம, நடுநடுவே கொஞ்சம் ஓட விட்டு. தீய்ஞ்ச வாசனை லேசா வரும், பயப்பட வேண்டாம்.

ஆயில் ஒழுகுது, பிஸ்டன் ரப்பர் கிழிஞ்சிருக்கு, ஹோஸ் வெடிப்பு விட்டிருக்குனா நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. பின்னாடியும் டிஸ்க் இருந்து எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டினா அதுல பின் பேடை மாத்த ஸ்கேனர் (வண்டியோட கம்ப்யூட்டர்ல மாட்டுற கருவி) வேணும், பிஸ்டனைப் பலவந்தமா தள்ளினா மோட்டார் போயிடும்.

முதல் வாரம் எங்கயாவது போயிட்டு வந்து நிறுத்தினதும் ரெண்டு முன் சக்கரத்துக்கிட்டயும் கையை ஒரு சாண் தள்ளி வச்சுப் பாருங்க, தொடாதீங்க. சூடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா அந்தப் பக்கத்து கைடு பின்னையும் பிஸ்டனையும் மறுபடி கழட்டிப் பார்த்துடுங்க.