விழுந்தவர் எல்லாம் தள்ளப்பட்டவரா?

கேள்வி: 17 வயதுக்குட்பட்ட பாடசாலைக் கூடைப்பந்தாட்ட அணியில் என் மகன் விளையாடுகிறான். அண்மையில் ஒரு சுற்றுப்போட்டியில், அவன் கை படாமலேயே எதிரணி வீரர் ஒருவர் அலறிக்கொண்டு விழ, மத்தியஸ்தர் என் மகனுக்கு ஃபவுல் கொடுத்தார். பிற்பாதியில் அதே வீரர் மீண்டும் விழுந்தபோது, ஊதாமல் முன்கையை இரு தடவை உயர்த்திக் காட்டியதோடு விட்டுவிட்டார். நடிப்புக்குத் தண்டனை அவ்வளவுதானா?
– ஒரு தந்தை, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: தாங்கள் கண்ட அந்தக் கையசைவே எச்சரிக்கை. ஃபவுல் பட்டதுபோல் ஒருவர் பாசாங்கு செய்தால், மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தாமல் அச்சைகையைக் காட்டிவிட்டு, அடுத்துக் கடிகாரம் நிற்கும்போது அவ்வீரருக்கும் அவரது பயிற்றுநருக்கும் அதை அறிவிக்க வேண்டும் என்பது சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான ஃபீபாவின் நடைமுறை. ஆட்டத்தை நிறுத்தாததற்குக் காரணம் உண்டு: எதிராளி வீணாக விழுந்து கிடக்கையில் பந்துடன் கூடையை நோக்கி ஓடும் அணியின் வாய்ப்பை விசில் கெடுத்துவிடக்கூடாது.

இந்த எச்சரிக்கை அணி ஒன்றுக்கு ஒரு தடவைதான். அதன்பின் அவ்வணியில் எவர் நடித்தாலும் அது ரெக்னிக்கல் ஃபவுல், அதாவது மோதலுக்கன்றி நடத்தைக்காக வழங்கப்படும் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது தடுப்பாரின்றிக் கூடைக்கு எறியும் வாய்ப்பு, கிடைக்கும். ஐந்து ஃபவுல் ஆனால் வீரர் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும்; அந்தக் கணக்கிலும் நடித்தவருக்கு இது சேரும்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ. போட்டிகளில் 2012ஆம் ஆண்டிலிருந்து ஆட்டம் முடிந்தபின் காணொளியைப் பார்த்து நடிப்புக்கு அபராதம் விதித்துவந்தார்கள். 2023-24 பருவத்திலிருந்து ஆட்டத்தின்போதே ரெக்னிக்கல் ஃபவுல் வழங்கி எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கொடுக்கிறார்கள். அன்று வென்றுவிட்டுப் பின்னர் பணம் கட்டுவதைவிட, அப்போதே ஒரு புள்ளியை இழப்பது வீரருக்கு உறைக்கும் என்பது என் எண்ணம்.

இனி, நடிப்பை மத்தியஸ்தர் எப்படி அறிகிறார் என்பதுதான் கடினமான பகுதி. தேர்ந்தவர்கள் பந்தைவிடத் தடுப்பாளரையே பார்ப்பார்கள்: இரு பாதங்களும் தரையில் ஊன்றி, எதிராளியை நோக்கி அவர் முன்கூட்டியே நின்றாரா, மோதல் நெஞ்சுப் பகுதியில் நிகழ்ந்ததா, விழுந்த வேகம் பட்ட அடிக்குப் பொருந்துகிறதா என்று. தோளில் இலேசாக உரசியதற்குத் தலை பின்னே வெட்டி இழுபட்டால், அல்லது தொடுகைக்கு முன்னரே உடல் சாயத் தொடங்கினால் ஐயம் எழும். ஆனால் சரியான இடத்தில் நின்றவர் அடியைத் தாங்கச் சற்றே பின்வாங்குவது நடிப்பாகாது. மேலும், எங்கள் பக்கத்துத் திடல்கள் பலவற்றில் சீமெந்துத் தளம்தான்; முழங்கை உரசத் துணிந்து விழும் பையனைப் பொய்யன் என்று சொல்ல யாருக்குத்தான் எளிதில் மனம் வரும்?

தங்கள் மகனுக்குக் கிடைத்த முதல் ஃபவுல், தாங்கள் சொல்வதுபோல் தொடுகையே இல்லாதிருந்தால், அலறலைக் கேட்டு ஊதிய பிழையே. வேறொருவரின் உடல் இடையில் மறைத்து, விழுந்ததை மட்டும் மத்தியஸ்தர் கண்டிருக்கலாம். காணாத தொடுகைக்கு ஊதக்கூடாது என்பதே அவர்களுக்குரிய ஒழுங்கு. பிற்பாதியில் அவர் எச்சரித்தது சரியே. ஆயினும் அடுத்த இடைநிறுத்தத்தில் எதிரணிப் பயிற்றுநரிடம் அதைச் சொன்னாரா என்பதைத் தங்கள் அணியின் பயிற்றுநர் மரியாதையுடன் கேட்டிருக்கலாம். சொல்லப்படாத எச்சரிக்கையை வைத்து அடுத்த நடிப்புக்கு ரெக்னிக்கல் ஃபவுல் கொடுப்பது மத்தியஸ்தருக்கே சங்கடமாகிவிடும்.