பெட்டி வந்துவிட்டது, தூக்கம் வரவில்லை: நெடுந்தூர விமானப் பயணம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஜூன் மாதம் சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். போன தடவை பத்து நாள் ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். பகலில் தூங்காமல் இருந்தும் சரியாகவில்லை. ஏன்?

பதில்: உடம்பின் கடிகாரத்தைத் திருப்புவதில் பெரிய பங்கு தூக்கத்துக்கு இல்லை, கண்ணில் விழும் வெளிச்சத்துக்குத்தான். நாம் வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு உடம்புச் சூடு அன்றைய அளவில் மிகவும் தாழ்ந்திருக்கும்; இதைத் தாழ்நிலை என்போம். அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும், அதாவது தூக்கம் தாமதமாக வரும். அதைத் தாண்டிப் பட்டால் முன்னால் வரும், அதாவது தூக்கம் சீக்கிரம் வரும். நேரம் தவறினால் நல்ல வெயிலே எதிராக வேலை செய்யும்.

நீங்கள் சென்னையில் 6 மணிக்கு எழுபவர் என்று வைத்துக்கொள்வோம். தாழ்நிலை விடிகாலை 3.30. கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், ஆகவே அங்கே அது பிற்பகல் 3 மணி. அந்த நேரத்தில் சோபாவில் சாய்ந்தால் அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வருவது இதனால்தான். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குப் பின்னால் தள்ளுவதே சுலபம், நாளுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் நகரும். முதல் நாள் காலை 9 முதல் 2 மணி வரை முடிந்தவரை வெளியில் இருங்கள். 3 மணிக்கு மேல் திரையை இழுத்துவிடுங்கள், வெளியே போனால் கூலிங் கிளாஸ். மறுநாள் அந்த எல்லை 4.30, அதற்கு மறுநாள் 6 மணி. அதன்பின் பகல் முழுக்க வெளிச்சம் படலாம். முழுதாகச் சீராக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பகலில் கண்ணைச் சுழற்றினால் அலாரம் வைத்து அரை மணி நேரம், அவ்வளவுதான்.

நடு இரவு 1 மணிக்குப் பசிக்கும். ஊரில் அப்போது பகல் 1.30, வயிறு சாம்பார் சாதத்துக்குக் காத்திருக்கிறது. ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்துங்கள், டியூப்லைட்டைப் போடாதீர்கள்.

கேள்வி: லண்டனிலிருந்து கோடை விடுமுறைக்குச் சென்னை வருகிறோம். வந்த மறுநாளே காலை 6 மணிக்கு மொட்டை மாடியில் நடந்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: எல்லோரும் சொல்வதுதான், ஆனால் இந்தத் திசைக்குத் தப்பு. லண்டனில் 7 மணிக்கு எழுபவருக்குத் தாழ்நிலை 4.30; நாலரை மணி நேரம் கூட்டினால் சென்னையில் காலை 9. கிழக்கே வருவதால் கடிகாரத்தை முன்னால் இழுக்க வேண்டும். 6 மணி வெயில் அதைப் பின்னால் தள்ளிவிடும். முதல் நாள் 9.30 வரை உள்ளேயே இருங்கள், பிறகு வெளியே போங்கள். அடுத்தடுத்த நாள் ஒரு மணி நேரம் முன்னதாக. நாலைந்து நாளில் ஒழுங்காகும்.

கேள்வி: மெலட்டோனின் (இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன்) மாத்திரை 10 மில்லிகிராம் வாங்கி வைத்திருக்கிறேன். விமானம் ஏறியதும் போடலாமா?

பதில்: வேண்டாம். அளவை விட நேரம் முக்கியம். அரை முதல் 3 மில்லிகிராம் போதும். போய்ச் சேரும் ஊரில் படுக்கும் நேரத்தில், மூன்று நான்கு இரவுகள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. துபாயிலிருந்து ஒரே மூச்சில் கிட்டத்தட்ட 16 மணி நேரம். கால் வீக்கத்துக்கு என்ன செய்வது?

பதில்: கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலிலுள்ள ரத்தம் மேலேறும். உட்கார்ந்தே இருந்தால் அது தேங்கும். நடைபாதை ஓரத்து சீட் எடுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குவது, விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, இருபது தடவை. இரண்டு மணிக்கொரு தரம் கழிவறை வரை ஒரு நடை. முன் சீட்டுக்கு அடியில் பெரிய பையைத் திணிக்காதீர்கள், கால் நீட்ட இடமே இருக்காது.

முழங்காலுக்குக் கீழ் வரும் இறுக்கக் காலுறை 15 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளதாகப் பார்த்து, காலையில் கால் வீங்குமுன் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்குங்கள். மேல் விளிம்பு சுருண்டால் அதுவே கயிறு கட்டியது போலாகி ரத்தத்தைத் தடுக்கும். கால் ரத்தநாளத்தில் அடைப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாது. சமீபத்தில் அறுவை சிகிச்சை, புற்றுநோய், முன்பு ரத்தக்கட்டி என்று ஏதாவது இருந்தால் டிக்கெட்டுக்கு முன் டாக்டர். இரண்டு காலும் லேசாக வீங்குவது சகஜம், ஓரிரு நாளில் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனை. மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸ்.

கேள்வி: பறக்கும்போது வயிறு உப்புசம். சாப்பாடு சரியில்லையா?

பதில்: காற்றழுத்தம்தான் முதல் காரணம். கேபினுக்குள் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறைவு. ஊட்டி 7,300 அடி. கீழே இருந்த வாயு கால் பங்குக்கு மேல் விரிகிறது. முந்தைய வேளையிலிருந்தே கொண்டைக்கடலை, ராஜ்மா, கோஸ், சோடா வேண்டாம். இடுப்பில் பேன்ட் பெல்ட்டையோ நாடாவையோ தளர்த்துங்கள்.

கேள்வி: கழுத்துத் தலையணை வைத்தும் தலை முன்னால் விழுகிறது.

பதில்: பின்பக்கம் தடிமனாக இருந்தால் அது தலையைத் தள்ளும். திருப்பிப் போட்டு, தடித்த பக்கம் தாடைக்குக் கீழ் வரட்டும். போர்வையைச் சுருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள். சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேல் மாட்டினால் குலுங்கும்போது பணிப்பெண் உங்களை எழுப்ப வேண்டியிருக்காது.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன். நேரத்தை எப்படி மாற்றுவது?

பதில்: மேற்கே போனால் நாள் நீளும், கிழக்கே வந்தால் குறையும், கூடுதல் டோஸா குறைப்பா என்பதை விமான நேரத்தைக் காட்டி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மருந்து கைப்பையில்தான். சரக்கு அறையில் உறைந்தால் வீண்.

கேள்வி: மூன்று நாள் வேலையாகச் சிங்கப்பூர் போகிறேன். இதற்கும் இவ்வளவு கணக்கா?

பதில்: தேவையில்லை, இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். சென்னை நேரத்திலேயே தூங்கி எழுங்கள். மீட்டிங்கை மட்டும் 10 மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள்; அங்கே 10 என்றால் உங்கள் உடம்புக்கு 7.30.